டிரையாங்கிளுக்கு எத்தனை மார்க்?

குன்னூர் மார்க்கெட்டில் விலை கேட்காமல் பொருள் வாங்குகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று சுற்றுலா வந்தவர்கள், இன்னொன்று புதுமாப்பிள்ளைகள். பூண்டுக்கடை முத்துராஜ் இரண்டிலும் சேராதவர். ஆஸ்பத்திரியில் நர்சம்மா ஊசியைத் தூக்கிய பிறகும், "மாத்திரையிலயே முடிச்சுக்கலாங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கிற ஆள். மகள் ஜீவிதா ஒன்பதாவது படிக்கிற பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றதும் அவர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு கிளம்பியதைப் பார்த்தே, எதையோ குறைத்துப் பேசப் போகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டத்தில் தலைமையாசிரியை ராஜகுமாரி, பள்ளியில் பேண்டு குழு தொடங்கப் போவதாக அறிவித்தார். இசை கற்கும் பிள்ளைகளுக்குக் கவனம் கூடுமாம், ஞாபகசக்தி வளருமாம், நாலு பேரோடு ஒத்துப்போகும் குணம் வருமாம், கூச்சம் போகுமாம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கணக்குப் பாடம் நன்றாக வருமாம். கேட்டுக்கொண்டிருந்த அப்பாக்களில் பாதிப் பேர் மார்க்கெட்காரர்கள். முதல் நாலையும் அவர்கள் காற்றில் விட்டார்கள். ஐந்தாவதில் நிமிர்ந்தார்கள்.

முத்துராஜ் எழுந்தார். "ஏனுங்க டீச்சர், ஒரு சின்ன சந்தேகங்க. கணக்குல மார்க் கூடும்னீங்க. எந்த வாத்தியத்துக்கு எத்தனை மார்க்குங்க?"

"அப்படிப் பிரிச்சுச் சொல்ல முடியாதுங்க."

"ஒரு உத்தேசமா சொன்னாக்கூடப் போதுங்க. டிரம்முக்கு இவ்வளவு, புல்லாங்குழலுக்கு இவ்வளவுன்னு."

பின் வரிசையிலிருந்து வாழைக்காய் மண்டி ஜெகதீசன் குரல் கொடுத்தார். "கூடலைன்னா திருப்பி எடுத்துக்குவீங்களா டீச்சர்?"

"எதைங்க, வாத்தியத்தையா, பிள்ளையையா?" என்று கேட்டார் பேண்டு மாஸ்டர் தினகரன். ஊட்டிப் பக்கம் பெர்ன்ஹில்லிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற ஒல்லியான மனிதர். அன்று அவர் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். மார்க்கெட்காரர்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதிகம் பேசாதவனிடம் எதையும் குறைக்க முடியாது.

கடைசியில் முத்துராஜ் மகளைச் சேர்க்கச் சம்மதித்தார், நிபந்தனைகளோடு. பயிற்சி கடைசி மணிக்கு அப்புறம்தான். மழை வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். "அப்பறம் எல்லா வாத்தியத்துக்கும் பாடம் ஒண்ணுதானுங்களே, அதனால என்ற பொண்ணுக்குப் பெருசாவே ஒண்ணு குடுத்துருங்க."

இங்கே ஜீவிதாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இசையால் அவளுக்குப் போகக்கூடிய கூச்சம் எதுவும் கிடையாது, இருந்தால்தானே போகும். எதிராளி வாயைத் திறக்கும் முன்பே அவளுடைய பதில் வந்துவிடும். கணக்குப் பரீட்சையில் கேள்வியின் முதல் பாதியைப் படித்துவிட்டு விடை எழுதிவிடுவாள். விடை சரியாக இருக்கும், கேட்ட கேள்வி வேறாக இருக்கும். கடையில் ஒரு நாள், வந்த ஆள் பூண்டைக் கையில் எடுத்து விலை கேட்டார். முத்துராஜ் நல்ல விலையாகச் சொல்ல மூச்சை இழுத்தார். அதற்குள் பின்னாலிருந்து, "அப்பா, ஈரம் ஏறிருச்சு, இன்னிக்கே தள்ளி உட்டரோணும்னீங்களே, அந்த மூட்டைதானே இது?" என்று கேட்டாள் மகள். வந்தவர் சிரித்துக்கொண்டே நடந்துவிட்டார். முத்துராஜ் அன்று இழுத்த மூச்சை இன்னும் விடவில்லை என்பார் ஜெகதீசன்.

வாத்தியம் பிரித்துக் கொடுத்த அன்று சாயங்காலம் ஜீவிதா கடைக்கு ஓடி வந்தாள். பைக்குள் கையை விட்டு எடுத்து அப்பாவின் முகத்துக்கு நேரே தொங்கவிட்டாள். மூன்று முனையாக வளைத்த ஒரு இரும்புக் கம்பி. மேலே ஒரு கயிறு.

"என்னது இது?"

"டிரையாங்கிள்ப்பா."

"சரி, இதை மாட்டற வாத்தியம் எங்க?"

"இதுதான்ப்பா வாத்தியம்."

முத்துராஜ் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலை சேராமல் திறந்தே இருந்தது. "இதை முழுசாக்கூடப் பண்ணலையே. ஓரத்துல இடைவெளி உட்டிருக்கான் பாரு."

"அது அப்படித்தான்ப்பா இருக்கோணும். அப்பத்தான் சத்தம் நிக்கும்." சின்னக் கம்பியால் அதைத் தட்டினாள். டிங் என்றது. பூண்டு மூட்டைகளுக்கு மேலே, பனிமூட்டம் நுழைந்துகொண்டிருந்த கடைக்குள், அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் போகாமல் நின்றது.

"பாட்டு பூராவும் இதை அடிச்சுக்கிட்டே இருப்பியா?"

"இல்லப்பா. எண்ணிக்கிட்டே இருக்கோணும். எடம் வந்தா ஒரு தடவை."

"மீதி நேரம்?"

"சும்மா இருக்கோணும்."

"சும்மா இருக்கறதுக்கு பேண்டு மாஸ்டரு எதுக்கு அம்மணி? நான் சொன்னா இருக்க மாட்டியா?"

எதிர் மண்டியிலிருந்து ஜெகதீசன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மகள் ஸ்வேதாவுக்குக் கிடைத்தது பேஸ் டிரம். கட்டிக்கொண்டு நடந்தால் பின்னால் பிள்ளை இருப்பதே தெரியாது. "முத்துராஜண்ணா, பூரா பேண்டும் எங்கூட்டுக்கு வந்துருச்சு. மிச்சம் ஒரு கம்பி இருந்துச்சாமா, அது உங்களுக்கு வந்துருச்சு போல," என்றார். "விசேசத்துக்குப் பந்தல் போட்டா கொக்கிக்கு ஆகும், வெச்சுக்குங்க."

ஜீவிதா அதைக் காதில் வாங்கவில்லை. "எல்லாரும் சத்தமா வாசிச்சுட்டு இருப்பாங்கப்பா. அப்ப ஒரு எடத்துல எல்லாரும் நிறுத்திருவாங்க. டிரம்மு, டிரம்பெட்டு எல்லாமே. அந்த எடத்துல நான் மட்டுந்தான்." சொல்லிவிட்டு டிரையாங்கிளைத் துப்பட்டாவில் துடைத்துப் பைக்குள் வைத்தாள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து எல்லோரும் அவளை வாயை மூடச் சொல்லித்தான் பழக்கம். அவளுக்காக மற்றவர்கள் நிறுத்துவது இதுதான் முதல் தடவை.

மறுநாளே முத்துராஜ் பள்ளிக்குப் போனார். கையில் நல்ல மலைப்பூண்டு ஒரு பை. மைதானத்து ஓரமாக நின்ற தினகரனிடம் பையை நீட்டினார். மாஸ்டர் பையைப் பார்த்தார், வாங்கவில்லை.

"மாஸ்டருங்க, பெருசு குடுங்கன்னு சொன்னேன். கம்பியக் குடுத்துட்டீங்க."

"உங்க பொண்ணுக்கு அதுதாங்க."

"மாத்திக் குடுத்தா என்னங்க? பெரிய டிரம்மு வேண்டாம், நடுத்தரமா ஒண்ணு."

"டிரம்முல ஒருத்தர் தப்பா அடிச்சா மத்த சத்தத்துல அமுங்கிப் போயிருங்க. டிரையாங்கிள் தப்பா விழுந்தா ஊருக்கே கேக்கும். அவசரக்காரப் பிள்ளை கையில அதைத்தாங்க குடுக்கோணும். இருக்கறதுலயே கஷ்டமானது அதுதான்."

முத்துராஜுக்குச் சிரிப்பு வந்தது. விலை போகாத பொடிப் பூண்டைக் காட்டி, "பார்க்கத்தாங்க சின்னது, காரம் பூரா இதுலதான் இருக்குது," என்று அவரே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார். தொழிலைத் தொழில்காரனிடமே காட்டுகிறாரே என்று நினைத்துக்கொண்டார். வேறு வழியாக வந்து பார்த்தார், கோபப்பட்டுப் பார்த்தார், கிளம்புகிற மாதிரி நாலடி நடந்து திரும்பியும் பார்த்தார். மார்க்கெட்டில் அந்த நாலடிக்கு விழாத ஆள் கிடையாது. மாஸ்டர் அதற்குள் பிள்ளைகளிடம் போய்விட்டிருந்தார்.

"குடியரசு தினம் வரைக்கும் பாக்கறேன்," என்றார் முத்துராஜ் வீட்டில். "ஊட்டியில அணிவகுப்பு முடியட்டும். மார்க்கும் கூடல, ஒண்ணும் கூடலைன்னா டியூசன்ல போட்டறலாம்."

அதற்கப்புறம் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. ஜீவிதா சாப்பிடும்போதும், தலை பின்னும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள். கண் மேலே போய் நின்றிருக்கும், உதடு அசையாது. அவள் எண்ணும்போது யாராவது பேசினால் பதில் வராது. எண்ணி முடிந்ததும் டிங் என்று ஒரு தட்டு, அப்புறம்தான் "என்னம்மா கேட்டீங்க?"

"புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு சுகுணா," என்றார் முத்துராஜ் மனைவியிடம்.

"ஒண்ணும் ஆகல. இந்த ஊட்டுல முதல் தடவையா ஒருத்தர் பேசி முடிக்கற வரைக்கும் இன்னொருத்தர் கேக்கறாங்க. உங்களுக்கு வித்தியாசமாத் தெரியுது."

அரையாண்டுத் தேர்வில் கணக்கு மார்க் கூடியது. கேள்வியைக் கடைசி வரை படித்தாள், வேறொன்றுமில்லை. எத்தனை கூடியது என்று என்னைக் கேட்க வேண்டாம். முத்துராஜ் மார்க்கெட்டில் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் டிரையாங்கிளின் மதிப்பு அவருக்குப் புரிந்தது மார்க்கால் அல்ல. பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை சுகுணா ஒரு சீருக்குப் போயிருந்தார். வேறு ஆள் இல்லாததால் மகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு முத்துராஜ் எதிரே டீ குடிக்கப் போனார். "யாரு வந்தாலும் அப்பா டீக்கடையில இருக்காருன்னு சொல்லு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதே," என்பது உத்தரவு.

டீயை வாய்க்குக் கொண்டு போகும்போது கடை முன்னால் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் திருப்பூர் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை வருவார். வாங்குவது மூட்டைக்கணக்கில், கேட்பது அடிமாட்டு விலை. முத்துராஜ் டம்ளரை வைத்துவிட்டு ஓடப் பார்த்தார். நடுவில் ஒரு முட்டைக்கோஸ் லாரி ரிவர்ஸில் வந்து வழியை அடைத்துக்கொண்டது. லாரிக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த சந்தில் கடை தெரிந்தது, பேச்சும் கேட்டது, போகத்தான் முடியவில்லை.

"பாப்பா, இது என்ன விலை?" கான்ட்ராக்டர் பெரிய பல் பூண்டைக் காட்டினார்.

ஜீவிதா முக்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். இடது கையில் டிரையாங்கிள், வலது கையில் தட்டுகிற கம்பி. கண் மேலே இருந்தது.

"நான் அடிக்கடி வாங்கற ஆளு பாப்பா. அப்பாவுக்குத் தெரியும்." ஒரு விலை சொன்னார்.

ஜீவிதா கூரையைப் பார்த்தாள்.

"அட, குறைவுங்கறியா? சரி, போனதடவை வாங்கின விலைக்கே எடுத்துக்கறேன்."

கான்ட்ராக்டர் பூண்டை மூக்கருகே கொண்டு போனார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். வண்டியிலிருந்த டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "மேட்டுப்பாளையம் மண்டியிலயே இப்ப விலை ஏறிக்கிடக்குதுன்னு எனக்கும் தெரியும். நான் மறைக்கல. இன்னும் கொஞ்சம் சேத்துக் குடுக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது பாப்பா."

லாரிக்குப் பின்னால் முத்துராஜ் மூச்சு விடவில்லை. அவர் வாழ்க்கையில் கேட்டிராத விலை அது. மகள் எப்போது வாயைத் திறந்து ஈரத்தைப் பற்றிச் சொல்வாளோ என்று வேர்த்தது.

"முகூர்த்தம் பக்கத்துல வந்துருச்சு, சரக்கு வேணும். அது உனக்கும் தெரிஞ்சு போச்சு போல," என்ற கான்ட்ராக்டர் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, விலையில் இன்னொரு படி ஏறினார்.

டிங்.

கான்ட்ராக்டர் துள்ளிவிட்டார். "சரி சரி, முடிஞ்சுது. இந்த விலைதான், மாத்தக் கூடாது. மூட்டைய ஏத்துப்பா," என்றார் டிரைவரிடம். ஏலத்தில் மணி அடித்த பிறகு யாரும் பேசுவதில்லை.

ஜீவிதா கண்ணை இறக்கி அவரைப் பார்த்தாள். "அண்ணா, எப்ப வந்தீங்க? அப்பா டீக்கடையில இருக்காரு."

விஷயம் மார்க்கெட் முழுக்கப் பரவ அரைநாள்கூட ஆகவில்லை. பரப்பியது முத்துராஜேதான். செவ்வாய்க்கிழமை பள்ளி வாசலில் நாலு வியாபாரிகள் நின்றார்கள், எல்லோருக்கும் டிரையாங்கிள் வேண்டுமாம். ஜெகதீசன் பேஸ் டிரம்மைத் திருப்பிக் கொடுக்கத் தயார். "இடத்தை அடைக்குதுங்க மாஸ்டர். சின்னதா, கம்பியில ஏதாச்சும் இருந்தாப் பாருங்க. ஒரு மூலை உட்டிருந்தாலும் பரவால்ல."

தினகரன் எப்போதும்போல ஒன்றும் சொல்லவில்லை. ஜெகதீசன் தானாகவே பேசி, தானாகவே இறங்கி, கடைசியில் ஸ்வேதாவுக்கு டிரம்மே இருக்கட்டும், பேண்டுக்கு வாரம் ஒரு வாழைத்தாரும் அனுப்பிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டு வீடு திரும்பினார். என்ன நடந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

இதெல்லாம் ஜீவிதாவுக்கு நல்லதாக முடிந்திருக்க வேண்டும். ஆனால் முத்துராஜ் வியாபாரி. சரக்கு கைக்கு வந்துவிட்டால் வாங்கின கடையிலேயே நின்றுகொண்டிருக்க மாட்டார்.

"அம்மணி கத்துக்க வேண்டியதைக் கத்துக்கிட்டா," என்றார் சுகுணாவிடம். "சாயங்காலம் ஹட்டி ஊருகள்ல இருந்து பூண்டு ஏத்திக்கிட்டு ஜீப்பு வர்ற நேரமும் பேண்டு நேரமும் ஒண்ணா விழுகுது. இனி அவ கடையில உக்காந்தாப் போதும். அந்த மாஸ்டர்கிட்ட நாளைக்கே சொல்லிரோணும்."

"ஊட்டி அணிவகுப்பு இந்த வாரம். புள்ளை அதுக்குத்தான இத்தனை நாளா எண்ணிக்கிட்டுக் கிடக்குது," என்றார் சுகுணா.

"ஒரு கம்பி இல்லைன்னா அணிவகுப்பு நின்னுருமா?"

"அவகிட்டயே கேளுங்க."

இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார். கேட்டார் என்பதைவிட, தீர்ப்பைச் சொன்னார். ஜீவிதா தோசையைப் பிட்ட கையை அப்படியே தட்டில் வைத்தாள். முகம் ஒரு நொடி சுருங்கியது. பழைய ஜீவிதாவாக இருந்தால் அந்த நொடியிலேயே அழுகையும் சண்டையும் ஒன்றாக வந்திருக்கும், முத்துராஜும் அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தார். அழுகிற பிள்ளையைச் சமாளிப்பது சுலபம்.

ஜீவிதா நிமிர்ந்தாள். அப்பாவைப் பார்த்தாள். பேசவில்லை.

"படிப்பைக் கெடுக்கச் சொல்லல. கடையில உக்காந்துக்கிட்டே படிக்கலாம்."

பதில் இல்லை.

"அணிவகுப்புக்குப் போகோணும்னா போ. யாரு வேண்டாம்னாங்க. அதோட நிறுத்திக்கலாங்கறேன்."

சுகுணா சட்னிக் கிண்ணத்தை வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார்.

முத்துராஜுக்குத் திடீரென்று திருப்பூர்க்காரரின் கர்சீப் ஞாபகத்துக்கு வந்தது. சுதாரித்துக்கொண்டார். மார்க்கெட்டில் அவருக்கு இருபது வருடப் பழக்கம், பேசாமல் இருக்க அவருக்கும் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோசை ஆறியது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றார்கள், குளிரில் அது கிளம்பவில்லை. மகள் எண்ணுகிறாளா, பேரம் பேசுகிறாளா என்று அந்த முகத்தைப் பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எண்ணினாலாவது எங்காவது முடியும்.

"நீயும் ஏதாச்சும் சொன்னாத்தான தெரியும்," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் ஒரு முறை திறந்த வாய் நிற்கவில்லை. "சரி, வாரத்துல ரெண்டு நாள் பேண்டு வெச்சுக்க."

ஜீவிதாவின் கை தட்டிலேயே இருந்தது.

"மூணு நாள். ஜீப்பு வர்ற நாளாப் பாத்து உட்டுரலாம்."

ஜீவிதா கண்ணைக் கூட இமைக்கவில்லை. சுகுணா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அட, எல்லா நாளுமே போயேன். இந்த வருசம் பூரா போ. ஞாயித்துக்கிழமை மட்டும் கடைக்கு வந்தாப் போதும். நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து கூட்டிட்டு வர்றேன், இருட்டுல காட்டெருமை வேற திரியுது. இதுக்கு மேல என்னால எறங்க முடியாது அம்மணி, சத்தியமா."

"சரிங்கப்பா," என்றாள் ஜீவிதா. தோசையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். அவள் மனதில் நினைத்திருந்தது அணிவகுப்பு ஒன்றுதான் என்று பின்னால் சுகுணாவிடம் சொல்லியிருக்கிறாள்.

முத்துராஜ் தண்ணீர் குடித்தார். விலை முடிந்துவிட்டது என்று நிம்மதியாகச் சாய்ந்தார். பை நிறைந்த பிறகுதான் கொசுறு கேட்பார்கள் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை.

"அப்பறம் ஒண்ணுப்பா," என்றாள் ஜீவிதா கை கழுவ எழுந்துகொண்டே. "ஊட்டிக்கு நீங்களும் வரோணும். கடையை ஒரு நாள் சாத்திட்டு. நான் அடிச்சதும் கை தட்டிரக் கூடாது. பூரா பேண்டும் முடியற வரைக்கும் சும்மா நிக்கோணும்."

முத்துராஜ் வாயைத் திறந்தார்.

"பேசாம இருங்க," என்றார் சுகுணா. "இன்னும் என்னத்தையாவது குடுத்துருவீங்க."